பழகிப்போச்சு ஸார்!

2024 மே மாதம் மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். 'இருபது நாள்தான். சமாளிச்சுப்பீங்கள்ல?' என்று ரயில் ஜன்னலில் கேட்டபோது முகத்தைக் கூடுமானவரை சோகமாக வைத்துக்கொண்டேன். ரயிலின் கடைசிப் பெட்டி மறைந்ததும் நேராகத் திருவல்லிக்கேணி.

கல்யாணத்துக்கு முன் மேன்ஷனில் குடியிருந்த ஆறு வருஷமும் எனக்குச் சோறு போட்ட மெஸ் ஒன்று அங்கே இருக்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும். முதலாளி தென்காசிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி.

நான்காம் நாள் காலை ஆபீஸில் பக்கத்து ஸீட்காரர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, ''வெங்காய ஊத்தப்பம், மிளகாய்ப்பொடி. சரியா?'' என்றார்.

''எப்படி ஸார்?''

''உங்க சட்டை சொல்லுது.''

மறுநாள், ''பூரி மசால்'' என்றார். அதுவும் சரி. அதற்கு மறுநாள் லிஃப்டில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி என்னைப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று கைக்குட்டையை எடுத்துக்கொண்டபோது முடிவு செய்தேன். இதை அண்ணாச்சியிடம் பேசியாக வேண்டும்.

அண்ணாச்சி என்னைச் சமையலறைக்கே அழைத்துப் போனார். உள்ளே கண் எரிந்தது. தோசைக்கல், பெரிய அடுப்பு இரண்டு, மேலே கூரை மாதிரி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹூட். ஹூட்டிலிருந்து ஒரு தகரக் குழாய் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. வெளியே எங்கேயோ ஒரு மோட்டார் கோயம்பேடு பஸ் மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.

''சத்தம் கேக்குல்லா? மோட்டார் நல்லாத்தான் ஓடுது. போன மாசந்தான் காயில் கட்டி மாட்டினோம். நாலாயிரம் ரூவா!'' என்றார்.

நானும் தலையாட்டினேன். ஆபீஸிலும் அப்படித்தானே. யார் சத்தமாக இருக்கிறாரோ அவர்தான் வேலை செய்கிறார் என்று நம்புகிறோம்.

தோசை மாஸ்டர் மட்டும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ''காயில் கட்டினதுலேருந்துதான் ஸார் புகை ஜாஸ்தி'' என்றார். அண்ணாச்சி அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

என் தொந்தரவு தாங்காமல் மறுநாள் ஒரு எலெக்ட்ரீஷியனை வரவழைத்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைத் தாடி, தோளில் ரெக்ஸின் பை. தெரு முழுக்க அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். டிபன் முடிந்து சாப்பாடு ஆரம்பிப்பதற்கு முன் பத்தரை மணிக்கு வந்தார்.

வந்தவர் பையைத் திறக்கவில்லை. மூலையில் பிள்ளையார் படத்துக்குக் கீழே எரிந்துகொண்டிருந்த ஊதுபத்தியில் ஒன்றை, ''எடுத்துக்கலாமா அண்ணாச்சி?'' என்று அனுமதி கேட்டு எடுத்தார். ஹூட்டுக்கு ஒரு சாண் கீழே பிடித்தார்.

நியாயமாகப் பார்த்தால் புகை கயிறு மாதிரி இழுபட்டு மேலே போயிருக்க வேண்டும். போகவில்லை. சோம்பல் முறித்து, கொஞ்சம் மேலே போய், மனசு மாறி, மாஸ்டரின் மூக்குப் பக்கம் திரும்பியது.

''மோட்டார் ஓடுது அண்ணாச்சி. காத்து போகலை. ரெண்டும் வேற வேற'' என்றார் பாய்.

கொல்லைப்புறம் போனோம். சன் ஷேடு மேல் ப்ளோயர். நத்தை ஓடு மாதிரி ஒரு இரும்புக் கூடு. அதற்குள் சக்கரம், பக்கத்தில் இரண்டு ஹெச்.பி. மோட்டார், இரண்டையும் இணைக்கும் பெல்ட். ''நிறுத்துங்க'' என்று குரல் கொடுத்தார் பாய். உள்ளே ஸ்விட்சை அணைத்தார்கள். ஓடும்போது வெறும் மினுமினுப்பாகத் தெரிந்த புல்லி வேகம் குறையக் குறைய, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரிந்தது. கூட்டின் மேல் கம்பெனிக்காரன் சிவப்பு பெயின்ட்டில் ஒரு அம்புக்குறி போட்டிருந்தான். அம்பு வலப்பக்கம். புல்லி இடப்பக்கம்.

ஒரு மாதமாக அந்த ப்ளோயர் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது!

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் பாடம் நடத்த அனுமதியுங்கள். எனக்கு அரியர்ஸ் வைத்த பாடம்தான்.

பெரிய மோட்டார்களுக்கு வருவது த்ரீ ஃபேஸ் கரண்ட். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று வயர். மூன்று பேர் வட்டமாக நின்று ஒரு பந்தைக் கைமாற்றிக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து வட்டமடிக்கும். மோட்டாருக்குள் காந்தப்புலம் இப்படித்தான் வட்டமடிக்கிறது. அதைத் துரத்திக்கொண்டு நடுத்தண்டு சுற்றுகிறது. சுழலும் காந்தப்புல மோட்டாருக்கு நிகோலா டெஸ்லா அமெரிக்காவில் பேடன்ட் வாங்கியது 1888-ல். இன்றைக்கும் உங்கள் தெருமுனை மாவு மில்லில் ஓடுவது அந்தத் தத்துவம்தான். இப்போது அந்த மூவரில் எந்த இருவரையாவது இடம் மாற்றி நிற்கச் சொல்லுங்கள். பந்து எதிர்ப்பக்கம் சுற்றும். அவ்வளவுதான் விஷயம். காயில் கட்டித் திரும்பக் கொண்டுவந்து மாட்டிய புண்ணியவான் இரண்டு வயரை மாற்றிச் சொருகிவிட்டார்.

''அப்படின்னா புகை வெளியே போகாம உள்ளேல்லா வந்திருக்கணும்?'' என்றார் அண்ணாச்சி. நல்ல கேள்வி.

சுவரில் வட்ட ஓட்டை போட்டு மாட்டுகிற இறக்கை ஃபேன் என்றால் அப்படித்தான் ஆகும். திருப்பிச் சுற்றினால் காற்றும் திரும்பிவிடும். ஒரே நிமிஷத்தில் மாஸ்டர் கத்தியிருப்பார், கண்டுபிடித்திருப்பார்கள். நத்தைக்கூடு ப்ளோயர் அப்படியில்லை. சக்கரம் எந்தப் பக்கம் சுற்றினாலும் காற்றை நடுவில் இழுத்து விளிம்பு வழியாக வெளியே தள்ளும். தலைகீழாகச் சுற்றும்போது அளவு மட்டும் படுமோசமாகக் குறைந்துவிடும். சத்தம் உண்டு, கரண்ட் பில் உண்டு, கொஞ்சம் காற்றும் உண்டு.

''முழுசா கெட்டுப்போனா நல்லது ஸார். உடனே கூப்புடுவாங்க. பாதி கெட்டதுதான் பேஜாரு. பழகிப்பூடும்'' என்றார் பாய்.

நான் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன், இந்த வாரக் கட்டுரை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில். நிஜமான கட்டுரை பிற்பாடுதான் வந்தது.

இரண்டு வயரை மாற்றினால் தீர்ந்தது, ஐந்து நிமிஷ வேலை என்று அண்ணாச்சி முகம் மலர்ந்தார். ஹூட்டில் இருக்கிற எண்ணெய் வடிகட்டித் தகடுகளையும் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று பாய் உள்ளே வந்தார். மோட்டாரை மறுபடி போட்டிருந்தார்கள். அவருக்கு ஒரு பழக்கம். எந்த இரும்பையும் முதலில் கையால் தொட மாட்டார். சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஹூட்டின் விளிம்பில் வைத்தார்.

டெஸ்டருக்குள் சின்னதாக, செக்கச்செவேல் என்று, விளக்கு எரிந்தது.

யாரும் பேசவில்லை. தோசை மாஸ்டர்தான், ஏதோ நம்ம வீட்டுப் பூனை குறுக்கே போனதைப் போல, ''அதுவா? லேசா சுர்ருங்கும் பாய். பழகிப்போச்சு'' என்றார்.

''எத்தினி நாளா?''

''ஒரு மாசமா.''

பாய் அவருடைய காலைப் பார்த்தார். ரப்பர் செருப்பு. அந்த மனிதரை ஒரு மாதமாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தது நூற்றைம்பது ரூபாய் செருப்பு.

''இந்த ஹூட்டை யாரு துடைக்கிறது?''

பாத்திரம் தேய்க்கும் இடத்திலிருந்து ஒரு பையன் எட்டிப் பார்த்தான். பத்தொன்பது வயது இருக்கலாம். செங்கம் பக்கத்திலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகிறதாம். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான். கையில் ஈர நார். காலில் ஒன்றுமில்லை. தரையெல்லாம் தண்ணீர்.

''வர்ற ஞாயித்துக்கிழமை நான்தான் துடைக்கணும்னு அண்ணாச்சி சொன்னாரு'' என்றான்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

பாய் மெயினை அணைக்கச் சொன்னார். சன் ஷேடில் ஏறி மோட்டாரின் டெர்மினல் பாக்ஸைத் திறந்தார். மூடி போடும்போது ஒரு வயர் இடுக்கில் மாட்டி நசுங்கியிருந்தது. தோல் பிய்ந்து செம்பு பளபளத்தது, ஒரு நெல் அளவுக்கு. அந்த நெல்மணி மோட்டாரின் இரும்பைத் தொடுகிறது. மோட்டாரிலிருந்து ப்ளோயர் கூடு, கூட்டிலிருந்து தகரக் குழாய், குழாயிலிருந்து ஹூட். எல்லாம் இரும்போடு இரும்பு போல்ட். கரண்ட் ஜம்மென்று நடந்து சமையலறைக்கு வந்துவிட்டது.

''எர்த் வயர் இருந்தா இது நடக்காதே பாய்'' என்றேன், அரியர்ஸ் எழுதிப் பாஸான தைரியத்தில்.

பாய் ஒரு பச்சை வயரைத் தூக்கிக் காட்டினார். நேர்த்தியாக வெட்டப்பட்டு, நுனியில் டேப் சுற்றப்பட்டிருந்தது.

என்ன நடந்திருக்கும் என்று அவர் சொன்னதை, துப்பறியும் கதையின் கடைசி அத்தியாயம் மாதிரி கேட்டோம்.

காயில் கட்டியவர் வயரை நசுக்கிவிட்டு மோட்டாரைப் போட்டிருக்கிறார். கரண்ட் எர்த்துக்குக் கசிந்திருக்கிறது. உடனே ஆர்.சி.சி.பி. 'டப்' என்று ட்ரிப் ஆகியிருக்கிறது. இந்த ஆர்.சி.சி.பி. ஒரு கண்டிப்பான கண்டக்டர். போன கரண்ட் எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று ஓயாமல் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் இடித்தால் போதும், ஸ்விட்சை விழத்தட்டிவிடும். 60 வாட் பல்பு எரிய ஆகிற கரண்டில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை அது. ஏன் அவ்வளவு கறார் என்றால், பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியரிலேயே மனிதனின் கை பிடித்ததை விடாமல் இறுகிக்கொள்ளும். அதற்கு மேல் போனால் மூச்சு, அப்புறம் இதயம்.

நம் ஆள் என்ன செய்திருக்கிறார்? கசிவு எங்கே என்று தேடவில்லை. எர்த்தை வெட்டிவிட்டார். கசிகிற கரண்டுக்குப் போக வழி இல்லாததால் ட்ரிப் நின்றுவிட்டது. ஆனால் யாராவது தொட்டால் தொட்டவர்தான் வழி! சமையலறை கழுவும்போது அப்பவும் ஒன்றிரண்டு முறை ட்ரிப் ஆகியிருக்கிறது. அதனால் ஆர்.சி.சி.பி.யையே தாண்டி நேராக வயரைக் கொடுத்துவிட்டு நாலாயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நாய் குரைக்கிறது என்று நாயை விரட்டிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதை.

அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. ஆனால் மணி பதினொன்று. பன்னிரண்டு மணிக்குப் பசங்கள் வந்துவிடுவார்கள்.

''பாய், இப்போதைக்கு அந்த ரெண்டு வயரை மட்டும் மாத்திப் போட்டுருங்க. புகை போகட்டும். மத்ததை ராத்திரி பாத்துக்கிடலாம். மாஸ்டர் செருப்புப் போட்டிருக்காருல்லா?''

பாய் பதில் சொல்லவில்லை. மெயின் போர்டுக்குப் போனார். ஹூட் லைனின் மூன்று ஃப்யூஸ் கேரியரையும் பிடுங்கினார். ஜிப்பா பையில் போட்டுக்கொண்டார்.

''ரிச்சி தெருவுக்குப் போயி வயரும் புது ஆர்.சி.சி.பி.யும் வாங்கியாறேன். ஒரு மணி நேரம் ஆவும். அதுக்குள்ள வேற யாராச்சும் ஃப்யூஸ் போட்டுப் பாத்தீங்கன்னா, அப்பால என்னைக் கூப்புடாதீங்க. போலீஸைக் கூப்புடுங்க.''

போய்விட்டார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் பிள்ளையாரைப் பார்த்தேன். அப்புறம் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தோம். பூனை வருகிறது என்று அட்டை வைத்து அடைத்திருந்த ஜன்னலைப் பையன் பிரித்துவிட்டான். அன்றைய மெனு தயிர் சாதம், ஊறுகாய், காலையிலேயே வைத்துவிட்ட சாம்பார். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. அப்பளம் கேட்ட ஒரு சாஃப்ட்வேர் இளைஞரிடம் அண்ணாச்சி, ''இன்னிக்கு அப்பளத்துக்கு லீவு தம்பி'' என்றார்.

காத்திருக்கும்போது அண்ணாச்சி தன் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ''நான் ஒண்ணும் அசால்ட்டு கிடையாது ஸார். கேஸ் வாசனை வந்துச்சுன்னா முதல் வேலையா எக்ஸாஸ்ட்டைத்தான் போடுவேன்.''

அப்போதுதான் உள்ளே நுழைந்த பாய் வயர் சுருளைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். நானும் இத்தனை நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். நீங்களும் நினைத்திருக்கலாம். சிலிண்டர் கேஸ் காற்றைவிட கனம். மேலே போகாது, தரையோடு பரவி நிற்கும். மேலே இருக்கிற ஃபேன் அதை எங்கே இழுப்பது? ஸ்விட்ச் போடும்போது உள்ளே ஒரு சின்னப் பொறி வரும். கேஸுக்கு அது போதும். வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடு, கதவு ஜன்னலைத் திற, வெளியே வா. இதற்கு எலெக்ட்ரீஷியன் வேண்டாம்.

வேலை ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. நசுங்கிய வயரை மாற்றினார். மெக்கர் என்கிற கருவியை வைத்து, கசிவு இல்லை என்று முள்ளைப் பார்த்து உறுதி செய்துகொண்டார். இரண்டு ஃபேஸை இடம் மாற்றினார். எர்த் வயரை ஒன்றுக்கு இரண்டாக, தனித்தனியே இழுத்து மோட்டாரில் முறுக்கினார்.

''ஒண்ணு போதாதா?'' என்றார் அண்ணாச்சி, வயர் விலையை நினைத்து.

''ஒண்ணு அந்துபோனா?'' என்றார் பாய்.

இது பாயின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. மோட்டாருக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு வேண்டும் என்று 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளிலேயே எழுதி வைத்திருந்தார்கள். சட்டம் நம்மைவிட நம் உயிருக்கு அதிக மரியாதை கொடுத்திருக்கிறது.

பையிலிருந்து மூன்று ஃப்யூஸும் வெளியே வந்தன. மோட்டார் கிளம்பியது. சத்தம் பழைய சத்தம்தான். பாய் இன்னொரு ஊதுபத்தியைப் பிடித்தார். புகை நிமிர்ந்து, கோடு கிழித்த மாதிரி நேராக ஹூட்டுக்குள் போய் மறைந்தது. மாஸ்டர் கண்ணைத் துடைக்கத் துண்டை எடுத்தார், துடைக்க ஒன்றுமில்லாததால் தோளில் போட்டுக்கொண்டார்.

சாப்பாட்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த ஆட்டக் கதவு தானாகவே உள்பக்கம் திறந்துகொண்டது. ''பேயா?'' என்றான் பையன். ''ஏசி காத்தெல்லாம் போகுதுவே!'' என்று அலறினார் அண்ணாச்சி. வெளியே போகிற காற்றுக்குச் சமமாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும் இல்லையா? அட்டை பிரித்த ஜன்னலை நிரந்தரமாகத் திறந்து வைத்துப் பூனைக்குக் கம்பி வலை அடிப்பதென்று முடிவாயிற்று.

கடைசியாகப் பாய் அந்தச் செங்கத்துப் பையனைக் கூப்பிட்டார். புது ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய சின்னப் பொத்தானைக் காட்டினார். ''மாசாமாசம் ஒண்ணாந்தேதி இதை அமுக்கு தம்பி. மோட்டார் நிக்கணும். நிக்கலைன்னா ஹூட்டைத் தொடாதே, எனக்கு போன் பண்ணு. அண்ணாச்சி திட்டினாலும் பண்ணு.''

பையன் அப்போதே ஒரு தடவை அமுக்கிப் பார்த்தான். நின்றது. சாயங்காலம் அவன் காலில் புதுச் செருப்பு இருந்தது. சம்பளத்தில் பிடித்தாரா என்று நான் கேட்கவில்லை.

*

மனைவி திரும்பி வந்ததும் முழுக்கதையையும் நடித்துக் காட்டினேன். டெஸ்டர் எரிந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். 'பழகிப்போச்சு' என்று மாஸ்டர் சொன்ன இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தி, ''பார்த்தியா, நம்ம ஜனங்களோட மனோபாவத்தை!'' என்று சமுதாயத்தைச் சாடினேன்.

அவள் காய்கறியை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டே, ''நம்ம ஃப்ரிட்ஜ்கூட ஈரக்கையோட தொட்டா லேசா சுர்ருங்கும்'' என்றாள்.

''எத்தனை நாளா?''

''ஹாலுக்கு மாத்தினதுலேருந்து. பழகிடுச்சு.''

ஃப்ரிட்ஜை ஹாலுக்கு மாற்றியது இரண்டு வருஷத்துக்கு முன்னால். அங்கே மூன்று பின் ப்ளக் பாயின்ட் கிடையாது. எலெக்ட்ரீஷியனுக்கு எதற்கு முந்நூறு ரூபாய் என்று, முப்பது ரூபாய்க்கு ஒரு இரண்டு பின் கன்வர்ட்டர் வாங்கிச் சொருகி, மேலே இருக்கிற அந்தத் தடித்த பின், அதாவது எர்த், எங்கேயும் சேராமல் அந்தரத்தில் தொங்கும்படி செய்த புண்ணியவான் யார் என்று கேட்கிறீர்களா?

பாய்க்கு போன் போட்டேன்.

''தொட வேணாம்னு சொல்லுங்க ஸார். ஃப்யூஸைப் புடுங்கி ஜோப்புல போட்டுக்குங்க. நாளைக்குக் காலைல வர்றேன்'' என்றார்.

இதை எழுதுகிறபோது ஃப்யூஸ் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஹால் லைன் முழுக்க அதில்தான் என்பதால் ஃபேனும் இல்லை, டி.வி.யும் இல்லை. மே மாதத்து வியர்வை பேப்பரில் சொட்டுகிறது. பால் கெட்டுவிடும் என்கிறாள் மனைவி. கெடட்டும்.